ஒற்றை உடலை நம்பி ஒரு பெயர்

ஒரே ஓர் உடலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது இதுவரை யாரும் பதிவு செய்யாத புது இனம் என்று அறிவிக்கலாமா? இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. காரணம் எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே எத்தனாலில் கிடப்பது ஒன்பது மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் ஐசோபாட், இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுப் பிராணி. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, துகேலா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே, கடலடி மண்ணோடு மேலே வந்தது. லேபிளில் பென்சிலால் ‘ஆர்க்டூரிடே, இனம் ஏ’ என்று எழுதியிருக்கிறது. குடும்பப் பெயர் இருக்கிறது, சொந்தப் பெயர் இல்லை. அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்கிறவர் ஒருவர், பொறுக்கலாம் என்கிறவன் நான். நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறோம்.

2025 ஜனவரியில் வியட்நாமிலிருந்து பேத்தினோமஸ் வேடரி என்ற ராட்சத ஐசோபாட் பற்றிய செய்தி வந்தபோது, தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. 32 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், ஒரு கிலோவுக்கு மேல் எடை, மீனவர்களிடம் விலை கொடுத்து வாங்கிய பிராணி, சினிமா வில்லன் ஒருவனின் தலைக்கவசத்தை ஒத்த முகம். செய்தியாக எல்லாமே அதில் இருந்தது. ‘உங்க ஊர்ல இந்த மாதிரி ஏதாவது கிடைக்குதா தம்பி’ என்று மாமா கேட்டிருந்தார். கிடைக்கிறது என்று பதில் போட்டேன். ஆனால் எங்கள் பிராணியை மீன் சந்தையில் யாரும் விற்க முடியாது. அதன் உறுப்புகளைப் பார்ப்பதற்கே மைக்ரோஸ்கோப் வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. வேடரிக்குப் பெயர் வைத்தவர்கள் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட உடல்கள் இருந்தன. எங்களிடம் ஒன்றுதான்.

துகேலா மண்ணில் வந்தது

டர்பனுக்கும் ரிச்சர்ட்ஸ் பேக்கும் நடுவில்தான் இந்தக் கிழக்குக் கரையின் கண்டத்திட்டு நன்றாக அகன்று விரிகிறது. மற்ற இடங்களில் கரையை விட்டு இறங்கினதும் ஆழம் வந்துவிடும். அகல்ஹாஸ் நீரோட்டம் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு ஓடும். துகேலாவின் வாயில் மட்டும் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் தங்குகிறது. அந்தச் சேற்றில் இறால் வாழ்கிறது, இறாலைத் தேடி இழுவைப் படகுகளும் வருகின்றன. தென்னாப்பிரிக்கா 2019-இல் 20 கடல் காப்பகங்களை ஒன்றாக அறிவித்தது. அதுவரை நாட்டின் கடற்பரப்பில் அரை சதவீதம்கூடக் காப்புக்குள் இல்லை, அந்த ஆண்டில்தான் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டியது. அந்த இருபதில் துகேலாவின் வாயை ஒட்டிய உதுகேலா காப்பகமும் ஒன்று. மீன், திமிங்கிலம், பவளம் என்று கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிக் காப்பு கேட்பது எளிது. சேற்றைக் காட்டிக் கேட்பதற்கு, அந்தச் சேற்றில் என்னென்ன வாழ்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வேலை அதுதான்.

கிராப் என்கிற இரும்புத் தாடை கடலடியில் ஒரு கவளம் மண்ணைக் கடித்துக்கொண்டு மேலே வரும். கப்பல் தளத்திலேயே அதைச் சல்லடையில் கொட்டி, கடல் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுவார்கள். வேகமாக அடித்தால் கால்கள் கழன்றுவிடும். சல்லடையில் தங்கியது ஃபார்மலினுக்குள் போகும், கூடவே ரோஸ் பெங்கால் சாயம். சாயம் சதையில் ஏறும், மணலில் ஏறாது. ஆய்வகத்தில் வாளியைத் திறந்து தட்டில் பரப்பினால் சாம்பல் நிறக் கசடுக்கு நடுவே இளஞ்சிவப்புப் புள்ளிகளாக உயிர்கள் தெரியும். பெரும்பாலும் புழுக்கள், அப்புறம் ஆம்பிபாடுகள், சிப்பிக் குஞ்சுகள், உடைந்த கடல்பாசித் துண்டுகள். நாள் முழுக்க ஃபோர்செப்ஸால் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று பொறுக்கிக்கொண்டிருந்தவர், பெயர் வைக்க வேண்டும் என்கிற அந்த மேசைத் தோழி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், நாலாவது தலைமுறைத் தமிழர். அவர் கண்ணுக்குத் தப்பிக் கசடோடு ஓர் உயிர் போனதாக எனக்கு நினைவில்லை. ஹைட்ராய்டு, அதாவது செடி போலக் கிளைவிடும் கடலுயிர், என்று ஒதுக்கிய ஒரு கிளைத் துண்டை மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தக் குச்சிக்குக் கால் இருக்கு, வந்து பாரு” என்றார்.

ஆர்க்டூரிடே குடும்பத்துப் பிராணிகள் அப்படித்தான். ஐசோபாட் என்றாலே தட்டையாக, மரவட்டைக்கும் கரப்பானுக்கும் இடையில் ஏதோ ஒன்று என்று நினைப்பவர்கள் இவற்றைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள். உடம்பு குச்சியாக நீண்டிருக்கும். சில பேரினங்களில் நடுவுடலின் ஏழு கண்டங்களில் (துண்டுகளில்) நாலாவது மட்டும் மற்றவற்றைப் போலப் பல மடங்கு நீளும். பின்னால் உள்ள மூன்று ஜோடிக் கால்கள் கொக்கி, அவற்றால் ஹைட்ராய்டையோ விசிறிப் பவளத்தையோ பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். முன்னால் உள்ள கால்களில் நீண்ட மயிர்கள் வரிசையாக இருக்கும். அவற்றை நீரோட்டத்தில் விரித்துவைத்து, மிதந்து வருவதை வடிகட்டித் தின்னும். வயிற்றின் அடியில் இரட்டைக் கதவு போல மூடிக்கொள்ளும் இரண்டு தகடுகள் உண்டு. வால்விஃபெரா என்ற துணைவரிசைக்கே அதுதான் அடையாளம். அந்தக் கதவுக்கு உள்ளேதான் மூச்சுவிடும் மெல்லிய துடுப்புக்கால்கள். அஸ்டாசில்லா போன்ற சிலவற்றில் குஞ்சுகள் முட்டைப் பையை விட்டு வெளியே வந்த பிறகும் தாயை விட்டுப் போகாது. தாயின் நீண்ட உணர்கொம்புகளில் வரிசையாகத் தொற்றிக்கொண்டு நிற்கும். நீரோட்டத்துக்கு எதிரே கொம்பை நீட்டிக்கொண்டு நிற்கும் தாய், கொம்பு முழுக்கக் குஞ்சுகள். படத்தில் முதலில் பார்த்த அன்றே இந்தக் குடும்பத்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்துவிட்டது.

எங்கள் உடல் பெண். நாலாம் கண்டத்தின் அடியில் பை உப்பியிருந்தது. விளக்கைச் சாய்த்து வைத்தால் பைக்குள் உருண்டை உருண்டையாக முட்டைகள் தெரிந்தன. கண்ணுக்கு மேலே ஒரு ஜோடி முள். வால் தகட்டின் முனை இரண்டாகப் பிளந்திருந்தது, வலது முனை இடதைவிடக் கொஞ்சம் குட்டை. வடிகட்டும் கால்களின் கடைசிக் கணு, எங்களிடம் இருந்த எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை. இந்தப் பகுதி ஐசோபாடுகளுக்கு இன்றும் நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது பிரையன் கென்ஸ்லி 1978-இல் எழுதிய வழிகாட்டி நூல். அதில் உள்ள ‘கீ’ என்ற, இனம் காண உதவும் கேள்வி வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக இறங்கினால் ஓர் இடத்தில் இரண்டு பாதையும் அடைபட்டுவிடுகிறது. 1978-க்குப் பிறகு வந்த கட்டுரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எதிலும் இது இல்லை.

பெண் மட்டும் கிடைத்தால்

‘எதிலும் இல்லை’ என்பதும் ‘புதிது’ என்பதும் ஒன்றல்ல. என் தயக்கம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஓர் இனத்தை உறுதியாகச் சொல்ல ஆண் வேண்டும். ஆணின் முதல் துடுப்புக்காலில் சாய்வாக ஒரு பள்ளம் ஓடும். அது எங்கே தொடங்குகிறது, ஓரத்தில் எப்படி முடிகிறது என்று பார்ப்போம். இரண்டாம் துடுப்புக்காலில் ஆணுக்கு மட்டும் உள்ள கம்பி போன்ற உறுப்பின் நுனியைப் பார்ப்போம். இவை இனத்துக்கு இனம் மாறும், ஒரே இனத்துக்குள் அநேகமாக மாறாது. பெண்ணிடம் இவை இல்லை. போதாததற்கு ஆணும் பெண்ணும் உருவத்திலேயே வேறு வேறு. பெண்ணின் நாலாம் கண்டம் பையைத் தாங்கப் பருத்திருக்கும், ஆணுடையது ஒல்லியாக நீண்டிருக்கும். முள்களும் புடைப்புகளும் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போகலாம். ஆகவே எங்கள் ‘இனம் ஏ’-யின் கணவன் ஏற்கெனவே எங்கேயோ வேறொரு பெயரில் பதிவாகி, ஒரு ஜாடிக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. இந்தத் துறையின் வரலாற்றிலேயே நடந்திருக்கிறது. நாதியா என்று ஓர் ஐசோபாட் உண்டு. சிறு வயதில் மீன்களின் இரத்தம் குடிக்கும், வளர்ந்த பிறகு எதையும் தின்னாது. ஆணுக்குப் பெரிய தாடைகள் உண்டு, பெண்ணுக்கு இல்லை. குஞ்சு இரண்டையும் ஒத்திராது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குஞ்சுகள் பிரானிசா என்ற ஒரு பேரினத்திலும், வளர்ந்த ஆண்கள் வேறு பேரினத்திலும் கிடந்தன. குஞ்சுகளை வளர்த்துப் பார்த்த பிறகுதான் எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. ஆந்துரிட் என்ற ஐசோபாட் வகைகளில் இன்னும் சிக்கல். அவற்றில் சில பெண்ணாக வாழ்ந்து பிறகு ஆணாக மாறும். மாறும்போது உணர்கொம்பு தூரிகை மாதிரி அடர்ந்துவிடும். பையை விட்டு வெளியே வரும் ஐசோபாட் குஞ்சுக்கு ஏழாவது ஜோடிக் கால் இருக்காது, பிறகுதான் முளைக்கும். தோலுரிப்பதும் இரண்டு தவணையாக நடக்கும். முதலில் பின்பாதி, சில மணி நேரமோ சில நாளோ கழித்து முன்பாதி. இடையில் பிடிபட்ட உடலின் பின்பாதி வளர்ந்திருக்கும், முன்பாதி பழைய அளவிலேயே இருக்கும். அதை அளந்து விகிதம் எழுதினால் உலகத்தில் இல்லாத ஒரு பிராணி பிறந்துவிடும்.

இத்தனையும் தெரிந்தவன் ஒற்றைப் பெண்ணை நம்பிப் பெயர் வைக்கத் தயங்குவது இயற்கை என்றே இன்றும் நினைக்கிறேன். ஒருமுறை அச்சில் ஏறிய பெயர் எப்போதும் அழியாது. தவறாக வைத்த பெயரும் இணைப்பெயராகப் பட்டியலில் ஒட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வோர் ஆய்வாளரின் நேரத்தையும் தின்னும். சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிகள் ஒற்றை உடலை அனுமதிக்கின்றன, அது எனக்குத் தெரியும். பெயருக்கு ஆதாரமான உடல், அதாவது ஹோலோடைப், என்று ஒன்றைக் குறித்து, எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். விதி அனுமதிப்பதால் மட்டும் ஒன்றைச் செய்துவிட முடியாது.

கேப் டவுன் அலமாரி

ஆணைத் தேடி முதலில் போக வேண்டிய இடம் கடல் இல்லை, அருங்காட்சியகம். வேறு வேலையாகக் கேப் டவுன் போனபோது இசிகோ தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, பழைய ஆர்க்டூரிடே ஜாடிகளைப் பார்த்தேன். கெப்பல் பர்னார்ட் 1911-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு இயக்குநரானவர். 1914 தொடங்கித் தென்னாப்பிரிக்காவின் ஓடுடைய உயிரினங்களைப் பற்றி வரிசையாக எழுதிக் குவித்தவர். இந்தக் கரையின் ஐசோபாடுகளில் கணிசமான பங்குக்கு அவர்தான் பெயர் கொடுத்தார். அவர் பார்த்த உடல்களில் பல, ‘பீட்டர் ஃபோர்’ என்ற நீராவிக் கப்பல் கொண்டுவந்தவை. 1897-இலிருந்து மீன்வளம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கடலடியைச் சுரண்டிய கப்பல் அது. கப்பல் தேடியது மீனை, கூடவே வந்த பூச்சி மாதிரியான உயிர்கள் ஜாடிக்குள் போயின. அவற்றில் பலவற்றைப் பர்னார்ட் எடுத்துப் பார்த்து எழுதியபோது 1920 ஆகிவிட்டது.

ஜாடிக்குள் நான் பார்த்த லேபிள்களில் ஆழம் பாகம் (ஃபாதம்) என்ற பழைய அளவையில் எழுதியிருந்தது. பழுப்பேறிய தாள், மங்காத மை. ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரே ஓர் உடல், இரண்டு கால்கள் தனியாகக் கழன்று அடியில் கிடந்தன. அருங்காட்சியக ஊழியர் குழாயை என் கையில் தரவில்லை, தாமே தட்டில் ஊற்றிக் காட்டினார். அதுதான் சரி. நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் அந்த ஒற்றை உடலை நம்பித்தான் பெயர் எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. நான் டர்பனிலிருந்து வந்து என் படத்தையும் அந்த உடலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது என்றால், அவர் துணிந்து எழுதியதால்தான். கண்ணுக்கு மேல் முள் இல்லை, வடிகட்டும் காலின் கடைசிக் கணுவும் வேறு மாதிரி. இது எங்கள் இனம் இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. எங்களுடையதைப் போன்ற பெண்ணுக்குப் பொருந்தக்கூடிய ஆணும் அங்கே இல்லை.

டர்பன் திரும்பியதும் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அப்ப எழுதிடலாம்தானே?” என்றார். ஆண் கிடைக்கட்டும் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2014-இல் அரசு ஆப்பரேஷன் பகிசா என்று கடல் பொருளாதாரத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, இந்தக் கரைக்கு வெளியே எண்ணெயும் எரிவாயுவும் தேடும் பேச்சு ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் சூழல் அறிக்கை எழுதப்படும், அதில் கடலடி உயிர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கும். ஒரு முறை எங்கள் எண்ணிக்கைத் தாள் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் போய்ச் சேர்ந்தது. பெயர் உள்ளவை ஒவ்வொன்றும் தனி வரியில் இருந்தன. பெயரில்லாதவை எல்லாம் சேர்ந்து ‘இதர ஓடுடையவை’ என்று ஒரே வரி. நாங்கள் மாதக்கணக்கில் பிரித்து வைத்தது அந்த ஒரு வரிக்குள் காணாமல் போயிருந்தது. “பேரில்லாதவங்களுக்கு இந்த ஊர்ல என்ன நடக்கும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்” என்று அன்று அக்கா சொன்னார். அவருடைய தாத்தா, டர்பன் துறைமுக வளைகுடாவில் இருந்த சாலிஸ்பரித் தீவில் வலை இழுத்தவர். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அந்தத் தீவில் குடிசை போட்டு மீன் பிடித்துக் காயவைத்து விற்றன. தீவு கடற்படைக்கு வேண்டும் என்றபோது எழுந்து போகச் சொன்னார்கள், போனார்கள்.

1952, டர்பன்

என் எண்ணத்தை அசைத்தது அந்தக் கோபம் இல்லை, ஒரு மீனின் கதை. ஒரு மாலை, வேலை முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1952 டிசம்பரில் அவருக்குப் பத்து வயது. சீலகாந்த் மீன் ஒன்று விமானத்தில் டர்பனுக்கு வந்து இறங்கிய சேதியை ரேடியோவில் கேட்டுவிட்டு, நாலு நாள் தூங்கவில்லையாம். பின்னாளில் அதே சாலிஸ்பரித் தீவில் 1961-இல் இந்தியர்களுக்கென்று திறந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் படகேறிப் போய் விலங்கியல் படித்தாராம். தன் அப்பா வலை இழுத்த தீவிலேயே மகன் மீனின் எலும்பைப் படித்திருக்கிறார்.

சீலகாந்த் கதையின் முதல் பாதி இங்கே எல்லோருக்கும் தெரியும். 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகின் குவியலிலிருந்து அந்த ஊர் அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அந்த மீனை எடுத்தார். கோடை வெயில், வைக்க இடம் இல்லை, உள்ளுறுப்பெல்லாம் அழுகிப் போய் எறிய வேண்டியதாயிற்று. தோலும் தலையும்தான் மிஞ்சின. மீன் ஆய்வாளர் ஜே.எல்.பி. ஸ்மித் 1939-இல் அந்த ஒற்றை உடலை, அதுவும் பாதி உடலை நம்பி, லாட்டிமேரியா சாலும்னே என்று பெயர் வைத்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக நினைத்த வகை. என்னைப் போன்ற ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் பொறுங்கள், இன்னொன்று கிடைக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பான். இன்னொன்று கிடைக்க 14 ஆண்டு ஆயிற்று.

இரண்டாம் பாதிதான் அக்கா சொன்னது. 1952-இல் கொமோரோ தீவுகளில் இரண்டாவது மீன் கிடைத்தபோது ஸ்மித் டர்பனில் இருந்தார். பிரதமர் டி.எஃப். மாலனிடம் தொலைபேசியில் கேட்டு, ராணுவ டகோட்டா விமானத்தில் போய் எடுத்து வந்தார். அந்த மீனுக்கு முதல் முதுகுத் துடுப்பு இல்லை. ஆகவே இது வேறு பேரினம் என்று முடிவு செய்து மாலானியா அன்ஜுவானே என்று பெயர் வைத்தார், உதவிய பிரதமரின் பெயரால். பிறகு வந்த மீன்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு மீன் எப்போதோ அடிபட்டுத் துடுப்பை இழந்திருக்கிறது. வேறு இனமே இல்லை. பெயர் விழுந்தது. மாலன் யார் என்று இந்த ஊர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனம் பார்த்து மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது அவருடைய ஆட்சியில். டர்பனின் பழைய தெருக்களிலிருந்து நம் ஆட்களை வேரோடு எடுத்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டு கொட்டியதும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். “எங்கப்பா அந்தப் பேரு செல்லாதுன்னு படிச்ச அன்னிக்கு வீட்ல பாயசம் வெச்சாங்களாம்” என்றார் அக்கா.

அந்தக் கதை என் கட்சிக்குத்தானே சாதகம் என்று நினைத்தேன். ஒற்றை உடலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாலானியாவை விடப் பெரிய சாட்சி வேண்டாம். அக்கா விடவில்லை. “முதல் மீனும் ஒண்ணுதான், ரெண்டாவது மீனும் ஒண்ணுதான். பேரு வெச்சவரும் ஒருத்தர்தான். ஒண்ணு நின்னுது, ஒண்ணு விழுந்துது. அப்ப எண்ணிக்கையா காரணம்?” என்று கேட்டார்.

அன்று இரவு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். எண்ணிக்கை காரணம் இல்லை. ஸ்மித் லாட்டிமேரியாவில் பார்த்தது தலை எலும்பின் அமைப்பு, செதில், சதைப்பிடிப்பான துடுப்புத் தண்டு. வயதானாலும் அடிபட்டாலும் மாறாத குறிகள். மாலானியாவில் அவர் பார்த்தது ஒரு துடுப்பு இல்லாததை. இல்லாமை ஒரு குறியே அல்ல, அல்லது குறிகளிலெல்லாம் மிகவும் பலவீனமானது. வளர்ச்சியில் இன்னும் வராமல் இருக்கலாம், உடைந்திருக்கலாம், கடிபட்டிருக்கலாம். இன்னொன்றும் தோன்றியது. மாலானியா தவறு என்று தெரிந்ததே, அது படத்தோடும் விவரத்தோடும் அச்சில் இருந்ததால்தான். மற்றவர்கள் எடுத்து ஒப்பிட முடிந்தது, திருத்த முடிந்தது. அலமாரியில் ‘இனம் ஏ’ என்று கிடக்கும் குப்பியை யாராலும் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது.

மாறும் குறி, மாறாத குறி

மறுநாள் எங்கள் உடலின் குறிகளை மறுபடி எடுத்துப் பிரித்தோம். கண்ணுக்கு மேலான முள் பாலினத்தோடு மாறக்கூடியது, அதை நம்ப முடியாது. வால் முனையின் பிளவு முதலில் எங்களைக் கவர்ந்ததுதான், ஆனால் வலது பக்கம் குட்டையாக இருக்கிறதே. உடைந்து அடுத்த தோலுரிப்பில் மறுபடி வளர்ந்ததாக இருக்கலாம். அதையும் தள்ளினோம். உணர்கொம்பின் நுனிக் கணுக்களின் எண்ணிக்கை வயதோடு கூடும், அதுவும் போயிற்று. இப்படித் தள்ளத் தள்ள மிஞ்சியவை வடிகட்டும் கால்களின் கடைசிக் கணுவும், வாயுறுப்புகளும், வாலின் கண்டங்கள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதும். வடிகட்டும் கால்கள் மூன்று ஜோடி. ஆறு காலிலும் கடைசிக் கணு ஒரே மாதிரி இருந்தது. அடிபட்டிருந்தால் ஆறும் ஒரே மாதிரி அடிபடாது. பை நிறைய முட்டை வைத்திருப்பதால் இது குஞ்சும் இல்லை, வளர்ந்து முடிந்த பெண். இந்தக் குறிகளில் எதுவும் கேப் டவுன் ஜாடிகளோடும், இதுவரை அச்சான படங்களோடும் ஒத்துவரவில்லை.

ஆணைப் பற்றிய என் கவலை அப்போதும் தீரவில்லை. ஆனால் அதற்கும் ஒரு வழி இருந்தது. வாயுறுப்பும் வால் கண்டங்களின் இணைப்பும் இந்தக் குடும்பத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆண் மட்டுமே பதிவாகியுள்ள இனங்களை எடுத்து, இந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தால் எங்கள் பெண்ணுக்குக் கணவன் அவர்களில் யாரும் இல்லை என்று காட்டலாம். அந்த வேலைதான் இப்போது நடக்கிறது. சில ஜாடிகள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கென்ஸ்லி அங்கே போய்ப் பல ஆண்டு வேலை பார்த்தவர். அங்கிருந்து படங்கள் கேட்டிருக்கிறோம்.

டிஎன்ஏ பார்த்தால் ஒரே நாளில் தெரியாதா என்று கேட்பவர்கள் நிறைய. பார்க்க முடியாது. எங்கள் மாதிரி இப்போது எத்தனாலில் இருந்தாலும், முதலில் ஃபார்மலினில் போட்டது. ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், மரபணுவைச் சிதைக்கும். பல இனங்கள் இப்படித்தான் வாய் மூடிக் கிடக்கின்றன. ஒரு புது இனம் சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து அதற்குப் பெயர் அச்சாகும் நாள் வரை சராசரியாக 21 ஆண்டு ஆகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பீட்டர் ஃபோர் ஜாடிகளுக்கும் பர்னார்டின் 1920 கட்டுரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை நினைத்துப் பார்க்கிறேன். நூறு ஆண்டில் கப்பல் மாறியிருக்கிறது, மைக்ரோஸ்கோப் மாறியிருக்கிறது, அலமாரியில் காத்திருக்கும் காலம் மாறவில்லை. அந்த 21 ஆண்டில் பெரும்பகுதி நியாயமான எச்சரிக்கையால் கழிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எடுத்துப் பார்க்க ஆள் இல்லாமல் கழிந்தது அதிகம். இந்த நாட்டில் ஐசோபாடுகளை இந்த அளவுக்குப் பிரித்துப் பார்ப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். நாங்கள் பொறுக்கிறோம் என்று சொல்லி நிறுத்திவிட்டால் அதை எடுத்துச் செய்ய அடுத்த அறையில் யாரும் இல்லை.

ஆகவே எழுதுவதென்று முடிவாகிவிட்டது. அக்கா கேமரா லூசிடாவில் கோடுகள் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு காலைக் கழற்றி கிளிசரினில் வைத்து, கண்ணாடியில் விழும் பிம்பத்தின் மேல் பென்சிலை ஓட்டி, ஒவ்வொரு மயிரையும் அது முளைக்கும் இடத்திலேயே வரைகிறார். வலப்பக்கக் கால்களைத்தான் கழற்றுகிறோம், இடப்பக்கம் அப்படியே இருக்கும், பின்னால் வருகிறவர்கள் பார்ப்பதற்கு. கட்டுரையில் ஆண் கிடைக்கவில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்வோம். எந்தக் குறியை நம்பினோம், எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று தனித்தனியாக எழுதுவோம். நாளைக்கு யாராவது ஆணைக் கண்டுபிடித்து எங்கள் பெயரைத் தள்ள வேண்டி வந்தால் அவர்களுக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஹோலோடைப் கேப் டவுனுக்குப் போகும், பர்னார்டின் ஜாடிகள் இருக்கும் அதே கட்டடத்துக்கு.

கப்பல்காரர்களிடமும் பேசியிருக்கிறோம். உதுகேலாவுக்கு அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிராப் மண்ணையாவது ஃபார்மலினில் போடாமல் நேரே 96 சதவீத எத்தனாலில் போட்டுக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஹைட்ராய்டுத் துண்டுகளைக் கழுவி எறியாமல் அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறோம், ஆண் இருந்தால் அதில்தான் தொற்றிக்கொண்டிருக்கும். என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு: பெயர் முடிவாகிவிட்டது, ஆனால் முறைப்படி அச்சாகும் முன் வெளியே சொல்லக்கூடாது. எந்த அரசியல்வாதியின் பெயரும் இல்லை என்பதை மட்டும் அக்கா சொல்லச் சொன்னார்.